சளிக்காய்ச்சலும் மாரடைப்பும்: இலவசத் தடுப்பூசிக்கு 60 வயது வரை காத்திருக்க வேண்டுமா?

2025 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாட்களே இருந்த நேரத்தில், பெற்றோர்களின் புலனக் குழுக்களில் ஒரே பேச்சுதான். எந்தப் பள்ளி மூடப்பட்டது, எத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்பதே அது. நாடு முழுவதும் சுமார் 6,000 மாணவர்கள் சளிக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கல்வி அமைச்சு தெரிவித்தது. ஒரு வாரத்திற்கு முன்பு 14ஆக இருந்த தொற்றுத்திரள்களின் எண்ணிக்கை 40ஆவது நோய்த்தொற்று வாரத்தில் 97ஆக உயர்ந்தது என்றது சுகாதார அமைச்சு. அவற்றில் 43 சிலாங்கூரில் மட்டும் பதிவானவை.

பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து ஓடத் தொடங்கிவிட்டார்கள். பள்ளிகள் திறந்தன, செய்தியும் ஓய்ந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் காய்ச்சலைக் கொண்டுபோனது வீட்டிற்கு. அங்கே 55 வயது தாத்தாவும் 50 வயது பாட்டியும் இருப்பார்கள். ஒருவருக்கு இனிப்பு நீர், இன்னொருவருக்கு இரத்த அழுத்தம். இருவருக்கும் சேர்த்து அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரை. சளிக்காய்ச்சல் இவர்களைத் தொடும்போது ஆபத்து நுரையீரலோடு நிற்பதில்லை, இருதயத்திற்கும் போகிறது. நம் சமூகத்தில் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

"சளிதானே, இரண்டு பெனடோல் போட்டால் போய்விடும்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. சாதாரண சளியைப் பொறுத்தவரை அது சரிதான். சளிக்காய்ச்சல் எனப்படும் இன்ஃபுளுவென்சா வேறு நோய். மூக்கு ஒழுகுவதில் மெதுவாகத் தொடங்காமல், திடீரென்று ஆளைச் சாய்க்கும். உடம்பு முறித்துப் போட்டதுபோல் வலிக்கும், காய்ச்சல் 39 பாகையைத் தாண்டும், படுக்கையை விட்டு எழ மனம் வராது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துப் பழகியதால் இரண்டுக்கும் ஒரே மரியாதையைக் கொடுத்து வருகிறோம்.

இருதயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மருத்துவர்களுக்கு இந்தச் சந்தேகம் ஏறக்குறைய நூறாண்டுகளாக இருந்தது. பெரிய காய்ச்சல் அலை அடிக்கும்போதெல்லாம் இருதய நோயால் இறப்போரின் எண்ணிக்கையும் ஏறுவதை அவர்கள் கவனித்தார்கள். ஆனால் காய்ச்சல்தான் காரணமா, அல்லது குளிர்காலத்தில் வயதானவர்கள் எப்படியும் அதிகம் இறக்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாநில ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை எளிமையான ஒரு வழியில் அவிழ்த்தது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், ஒரே மனிதரை அவரோடே ஒப்பிட்டார்கள். பரிசோதனையில் சளிக்காய்ச்சல் உறுதியானவர்களுக்கு, அதற்கு முந்திய ஓராண்டிலும் பிந்திய ஓராண்டிலும் ஏற்பட்ட மாரடைப்புகளை எண்ணினார்கள். மொத்தம் 364. காய்ச்சல் உறுதியான முதல் ஏழு நாட்களில் மட்டும் 20. மீதி நாட்களில் சராசரியாக வாரத்திற்கு 3.3தான். கணக்குப் போட்டால் அந்த ஒரு வாரத்தில் ஆபத்து ஆறு மடங்கு. ஏழு நாள் கழிந்த பிறகு அந்தக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை.

இந்த எண்ணைப் படித்துவிட்டுக் காய்ச்சல் வந்த எல்லாருக்கும் மாரடைப்பு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பலருக்கு ஏற்கெனவே வேறு நோய்கள் இருந்தன. 25 வயது இளைஞருக்கு ஆறு மடங்கு என்பது மிகச் சிறிய ஓர் எண்ணின் ஆறு மடங்கு. ஏற்கெனவே இருதயக் குழாயில் கொழுப்பு படிந்தவருக்கு அது அப்படி இல்லை. அவருக்கு அடிப்படை எண்ணே பெரியது.

இரண்டாவது ஆய்வு அமெரிக்காவிலிருந்து வந்தது. 2010 முதல் 2018 வரையிலான எட்டுக் காய்ச்சல் பருவங்களில், சளிக்காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 80,000க்கும் அதிகமான பெரியவர்களின் பதிவுகளை ஆராய்ந்தது அது. அவர்களில் 11.7 விழுக்காட்டினருக்கு, அதாவது எட்டு ஒன்பது பேரில் ஒருவருக்கு, கடுமையான இருதயப் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. முதல் இடத்தில் இருந்தது நாம் நினைக்கும் மாரடைப்பு அல்ல. இருதயம் இரத்தத்தை இறைக்கத் திணறும் இருதயச் செயலிழப்புதான் முந்தியது. இருதயத் தசைக்கு இரத்தம் போதாமல் போகும் நிலை அதற்கு அடுத்து, கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தது.

உடலுக்குள் நடப்பது என்னவென்றால், கிருமியை எதிர்த்து உடல் போரிடும்போது இரத்தக் குழாய்கள் எல்லாவற்றிலும் அழற்சி உண்டாகிறது. குழாயின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்து மூடியிருக்கும் கொழுப்புக் கட்டி, இந்த அழற்சியில் வெடிக்கக் கூடும். வெடித்த இடத்தில் இரத்தம் உறையும். காய்ச்சல் நேரத்தில் இரத்தம் வழக்கத்தைவிட எளிதாக உறையும் தன்மையில் இருப்பதால், உறைகட்டி குழாயையே அடைத்துவிடலாம்.

இன்னொரு வழியும் உண்டு. காய்ச்சல் ஏற ஏற இருதயம் வேகமாகத் துடிக்கிறது, அதற்கு அதிக ஆக்சிஜன் வேண்டும். நுரையீரலோ சளியால் அடைபட்டு ஆக்சிஜனைக் குறைவாகத் தருகிறது. தேவை கூடி வரவு குறைந்தால் தசை வாடுகிறது, அடைப்பு எதுவும் புதிதாக ஏற்படாமலேயே. சிலருக்குக் கிருமியின் தாக்கத்தால் இருதயத் தசையே வீங்கிவிடும். இது அரிது என்றாலும் இளவயதினரையும் விடுவதில்லை. காய்ச்சலோடு காற்பந்து ஆடப் போகும் பையன்களையும், ஜிம்முக்குப் போவோரையும் மருத்துவர்கள் தடுப்பது இதனால்தான்.

நம்மவர்களின் கணக்கு

உலக ஆய்வுகள் இருக்கட்டும். மலேசிய இந்தியர்களின் நிலை தனியாகப் பார்க்க வேண்டியது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்ப்பாதிப்பு ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டு ஆய்வில் தேசிய விகிதம் 15.6ஆகக் குறைந்தாலும், நம் சமூகம் முன்வரிசையை விட்டு நகரவில்லை.

நீரிழிவு இருதயக் குழாய்களைச் சத்தமில்லாமல் கெடுக்கும் நோய். அதோடு, கிருமியை எதிர்க்கும் ஆற்றலையும் குறைக்கும். அதாவது சளிக்காய்ச்சல் கடுமையாவதற்கும், அந்தக் காய்ச்சல் இருதயத்தைத் தாக்குவதற்கும் ஒரே நோய் இரண்டு கதவுகளையும் திறந்து வைக்கிறது.

மலேசியாவில் மாரடைப்பு வருவோரின் சராசரி வயதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தேசிய இருதய நோய்ப் பதிவேட்டின்படி அது 60ஐத் தொடவில்லை, 58க்கு அருகில் இருக்கிறது. மேற்கத்திய நாடுகளில் இது இன்னும் சில ஆண்டுகள் தள்ளி வருகிறது. 45, 50 வயதில் மாரடைப்பில் போனவர் ஒருவரையாவது தெரியாத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

தோட்டப்புறத்துக்குச் சளிக்காய்ச்சல் புதிய விருந்தாளி அல்ல. 1918ஆம் ஆண்டு உலகத்தையே உலுக்கிய காய்ச்சல் மலாயாவில் சுமார் 35,000 உயிர்களைப் பறித்ததாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் அதில் மிக அதிகமாக மடிந்தவர்களில் அடங்குவர். அன்று லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தது ஒரு காரணம். இன்று லயம் போய் அடுக்குமாடி வீடு வந்துவிட்டது. மூன்று அறைகளில் மூன்று தலைமுறை என்ற நெருக்கம் மட்டும் பலருக்கு மாறவில்லை.

வீட்டில் நடக்கும் தவறுகள்

காய்ச்சல் வந்ததும் உடல்வலி தாங்காமல் பலர் தேடுவது வலி மாத்திரையை. முட்டி வலிக்கென்று மருந்தகத்தில் வாங்கி வைத்த போன்ஸ்டான், வோல்தாரென், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் எல்லார் வீட்டிலும் இருக்கும். இருதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு இவை காய்ச்சல் நேரத்தில் ஏற்றவை அல்ல. தைவானில் நடந்த ஆய்வு ஒன்றில், சளி, காய்ச்சல் போன்ற சுவாசத் தொற்று இருக்கும்போது இந்த வகை வலி மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து சுமார் 3.4 மடங்கு கூடியிருந்தது. மாத்திரை எடுக்காமல் தொற்று மட்டும் இருந்தவர்களுக்கு அது 2.7 மடங்கு. இவர்களுக்குப் பெனடோல் எனப்படும் பாரசிட்டமோல்தான் பாதுகாப்பான முதல் தேர்வு, அதுவும் அளவோடு.

மூக்கடைப்புக்கு விற்கப்படும் சில மாத்திரைகளும் அப்படித்தான். மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும் மருந்து, உடலின் மற்றக் குழாய்களையும் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும். மருந்தகத்தில் கேட்கும்போது "எனக்குப் பிரஷர் இருக்கிறது" என்று சொன்னால் போதும், மருந்தாளர் வேறு எடுத்துத் தருவார். பலர் சொல்வதில்லை. பிள்ளையை அனுப்பி வாங்கி வரச் சொல்வதால் மருந்தாளருக்கும் அது தெரிவதில்லை.

இதைவிடப் பெரிய தவறு, காய்ச்சல் மருந்து எடுப்பதால் வழக்கமான மாத்திரைகளை நிறுத்திவிடுவது. "ஏற்கெனவே ஆறு மாத்திரை, இதில் இது வேறா" என்று பிரஷர் மாத்திரையையும், கொழுப்பு மாத்திரையையும், இரத்தத்தை இளக்கும் எஸ்பிரினையும் ஒரு வாரத்துக்கு ஒதுக்கி வைப்போர் உண்டு. இருதயத்துக்கு அந்த மாத்திரைகள் மிகவும் தேவைப்படும் வாரமே அதுதான். சாப்பிட முடியாமல், வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தால் சில நீரிழிவு மாத்திரைகளையும் சிறுநீர் போக்கும் மாத்திரைகளையும் மாற்ற வேண்டி வரலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காய்ச்சலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது பொதுவான அறிவுரை. இருதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் அளவு வைத்திருப்பார். அவருக்கு அன்பு மிகுதியால் மணிக்கொரு முறை இளநீரும் சூப்பும் கொடுத்தால் கால் வீங்கும், இரவில் படுத்தால் மூச்சு முட்டும். மிளகு ரசமும் இஞ்சித் தண்ணீரும் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அந்த அளவுக்குள் இருக்கும் வரை.

அடுத்தது, அறிகுறியைத் தவறாகப் புரிந்துகொள்வது. மாரடைப்பு என்றால் சினிமாவில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும் என்று நினைக்கிறோம். நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், முதியவர்களுக்கும் பல நேரங்களில் நெஞ்சுவலியே இருக்காது. மூச்சு வாங்கும், குளிர்ந்த வியர்வை கொட்டும், தாடையிலோ மேல்வயிற்றிலோ ஏதோ அழுத்தும், காரணமில்லாமல் உடல் சோரும். காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு இவை வந்தால் "காய்ச்சல் அசதி" என்றும், "அங்கின், காற்று ஏறியிருக்கிறது" என்றும் சொல்லிக் கோடாலித் தைலம் தேய்த்து விடுகிறோம். தைலம் தேய்க்கும் ஒவ்வொரு மணி நேரமும் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கலாம். காய்ச்சல் இறங்கிய பிறகும் மூச்சு வாங்குகிறது, அல்லது இரண்டு நாள் தேறி மீண்டும் மோசமாகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. நெஞ்சு அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால் 999தான்.

ஆரம்பத்திலேயே கிளினிக்குக்குப் போவதற்கும் பயன் உண்டு. ஓசெல்தமிவிர் என்ற கிருமி எதிர்ப்பு மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். டமிஃப்ளூ என்ற பெயரில் பலருக்கு அது தெரிந்திருக்கும். கோவிட், சளிக்காய்ச்சல் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும் சுயப் பரிசோதனைக் கருவி இப்போது மருந்தகங்களில் கிடைக்கிறது. நீரிழிவு அல்லது இருதய நோய் உள்ளவர் வீட்டில் ஒன்றிரண்டு வாங்கி வைப்பது வீண் செலவு அல்ல. கிளினிக்கில் ஆன்டிபயோடிக் கேட்டு அடம் பிடிப்பதுதான் வீண், அது கிருமிநச்சுயிரை ஒன்றும் செய்யாது.

ஊசி: யாருக்கு இலவசம், யாருக்கு இல்லை?

சளிக்காய்ச்சல் தடுப்பூசி காய்ச்சலை முழுமையாகத் தடுப்பதில்லை. சில ஆண்டுகளில் நன்றாகவும் சில ஆண்டுகளில் சுமாராகவும் பாதுகாக்கும். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. இதைக் காரணம் காட்டி "போட்டும் காய்ச்சல் வந்தது" என்று ஒதுக்குபவர்கள் அதிகம். இருதய நோயாளிகளின் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஊசி போட்டவர்களில் இறப்பு குறைகிறதா?

2021இல் வெளியான ஓர் ஆய்வு எட்டு நாடுகளில், பெரும்பாலும் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்த 2,500க்கும் அதிகமானோரிடம் இதைச் சோதித்தது. பாதிப் பேருக்குச் சளிக்காய்ச்சல் ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஓராண்டு முடிவில் உப்புநீர் பெற்றவர்களில் 4.9 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். தடுப்பூசி பெற்றவர்களில் 2.9 விழுக்காட்டினர். மாரடைப்புக்குப் பின் கொடுக்கப்படும் விலை உயர்ந்த பல மருந்துகளோடு ஒப்பிடத்தக்க பலன் இது. ஐரோப்பிய இருதயவியல் சங்கம் 2025இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், தடுப்பூசியை இருதய நோய்த் தடுப்பு முறைகளில் ஒன்றாகவே கருத வேண்டும் என்றது.

மலேசிய அரசாங்கம் இதை அறியாமல் இல்லை. 60 வயதும் அதற்கு மேலும் ஆகி, நாட்பட்ட நோய் ஒன்றாவது உள்ளவர்களுக்கு 2025 முதல் சுகாதார அமைச்சு இந்த ஊசியை இலவசமாகக் கொடுக்கிறது. மைசெஜாத்ரா செயலி வழி முன்பதிவு செய்யலாம். நல்ல திட்டம். தகுதி இருந்தும் போகாத மூத்தோர் நம்மிடையே நிறைய. கைப்பேசியில் முன்பதிவு செய்யத் தெரியாததும் ஒரு தடை. பேரப்பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கக் கூடிய வேலை இது.

சிக்கல் 60 என்ற அந்தக் கோட்டில்தான். மாரடைப்பின் சராசரி வயதே 60க்குக் கீழே இருக்கும் நாட்டில், அதிலும் நீரிழிவு மூவரில் ஒருவரைப் பிடித்திருக்கும் சமூகத்தில், 52 வயதில் நீரிழிவும் இருதய அடைப்பும் உள்ள லாரி ஓட்டுநருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. அவர் தனியார் கிளினிக்கில் பணம் கொடுத்துப் போட வேண்டும். கிளினிக்கைப் பொறுத்து விலை மாறினாலும் நூறு ரிங்கிட்டை ஒட்டியே பேச்சு நடக்கும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை 26 நாளாகப் பிரித்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட். கணவன், மனைவி இருவருக்கும் ஊசி என்றால் மூன்று நாள் கூலி. பள்ளிக் கட்டணமும் மோட்டார் சைக்கிள் தவணையும் நிற்கும்போது, வராமலும் போகக்கூடிய காய்ச்சலுக்கு மூன்று நாள் கூலியை யார் எடுத்து வைப்பார்?

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் வேறு விதமாக யோசித்திருக்கிறது. அங்கு 65 வயதுக்கு மேற்பட்டோரோடு, 18 முதல் 64 வயது வரை நாட்பட்ட நோய் உள்ளவர்களும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் சேர்க்கப்பட்டு உதவித்தொகை பெறுகிறார்கள். அங்கு வயதை மட்டும் பார்க்கவில்லை, நோயையும் பார்த்தார்கள். மலேசியாவில் எல்லா வயதினருக்கும் இலவசம் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. நீரிழிவும் இருதய நோயும் உள்ளவர்களுக்கு மட்டும் வயதை 40 அல்லது 45க்கு இறக்கக் கேட்பது நியாயமான கோரிக்கை. அவர்களைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. மாதந்தோறும் அரசாங்கக் கிளினிக்கில் மருந்துக்கு வரிசையில் நிற்பவர்கள்தாம் அவர்கள். நம் அரசியல் கட்சிகளும் அரசு சாரா அமைப்புகளும் மகஜர் கொடுப்பதற்கு எத்தனையோ விஷயங்களைத் தேடுகின்றன. இது கையருகே இருக்கிறது.

இடைப்பட்ட காலத்தில் செய்யக் கூடியவையும் உண்டு. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர் ஊசியைப் பற்றி யோசிக்கப் போவதில்லை. பி40 குடும்பங்களில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சாலைகளும் மொத்தமாக ஏற்பாடு செய்தால் ஊசியின் விலை குறையும். ஒரு தொழிலாளி பத்து நாள் படுப்பதைவிட அது முதலாளிக்கும் மலிவு.

படுப்பது என்று வரும்போது, எம்.சி. பற்றியும் சொல்ல வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் 60 நாள். நாள் கூலியாக இருந்தாலும் தொழிலாளி என்றால் இந்த உரிமை உண்டு. ஆனால் "எம்.சி. எடுத்தால் ஓவர்டைம் போய்விடும், மேற்பார்வையாளர் முகம் மாறும்" என்று 39 பாகைக் காய்ச்சலோடு செம்பனைக் குலை சுமக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து ஆறு மடங்கு என்று ஒன்டாரியோ ஆய்வு காட்டிய ஏழு நாட்களில், இருதயத்துக்கு மேலும் ஒரு சுமை ஏற்றும் வேலை அது.

தைப்பூசத்தை எண்ணிப் பாருங்கள். பத்துமலையிலும், ஈப்போ கல்லுமலையிலும், பினாங்கு தண்ணீர்மலையிலும் லட்சக் கணக்கானோர் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். காவடி எடுப்பவர்களில் நீரிழிவுக்காரர்கள் உண்டு, 272 படி ஏறும் 60 வயது அம்மாக்கள் உண்டு. ஊசி போட்டு அதன் பாதுகாப்பு உடலில் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். முட்டை ஒவ்வாமை, முன்பு ஊசியால் ஏற்பட்ட கடும் எதிர்வினை போன்றவை இருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாளில் கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை. குளிர்நாடுகளைப் போல் இங்கே ஒரு பருவத்தோடு இந்தக் காய்ச்சல் முடிவதில்லை, ஆண்டு முழுதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.